கணக்குப் புத்தகத்தின் வினா: களிமண் பலகை முதல் தோட்டப் பள்ளி வரை

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தார். விடையைத் தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமையால் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என மயங்கிக் கேட்பது ஐயவினா. ஒன்றைப் பெறுவதற்குக் கேட்பது கொளல்வினா. ஒன்றைக் கொடுப்பதற்குக் கேட்பது கொடைவினா. ஒன்றைச் செய்யத் தூண்டுவது ஏவல்வினா. கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்பது கொளல்வினா என்றும், பாடலின் பொருளை ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா என்றும் நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிறோம். மொழிப்பாடம் முடிந்து அதே வகுப்பறையில் கணக்குப் பாடம் தொடங்கியதும் இந்த வகைப்பாட்டை மறந்துவிடுகிறோம்.

"ஒரு கடைக்காரர் கிலோகிராம் 6 ரிங்கிட் வீதம் 3 கிலோகிராம் பருப்பு விற்றார் எனில், அவர் பெற்ற தொகை எவ்வளவு?" இதில் கடை இருக்கிறது, பருப்பு இருக்கிறது, விலையும் இருக்கிறது. வாங்குபவர் மட்டும் இல்லை. கேட்பவருக்கு விடை தெரியும்; அவருக்குத் தெரியும் என்பது மாணவருக்கும் தெரியும். கொளல்வினாவின் உடையை உடுத்தி வந்திருக்கும் அறிவினா இது. தமிழ்நாட்டில் இவ்வகையை வாக்கியக் கணக்கு என்பர். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் பிரச்சினைக் கணக்கு என்னும் பெயர் வழங்குகிறது. பிரச்சினை யாருடையது என்பதே இவ்வுரை கேட்க விழையும் கேள்வி. வாக்கியக் கணக்கு வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று பெற்றோரும் ஆசிரியரும் குறைப்படுவது புதிதன்று. குறையைப் பாடநூல் எழுதியவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவதும் வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் காரணம் அதனினும் ஆழத்தில் இருப்பது புலப்படும்.

நமக்குக் கிடைத்துள்ள பழைய கணக்குப் பாடங்களில் பல ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் மெசபொத்தேமியாவின் எழுத்தர் பள்ளிகளில் களிமண் பலகைகளில் எழுதப்பட்டவை. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பலகை ஒரு நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. நிலத்தின் பரப்போடு, நீளம் அகலத்தைவிட எவ்வளவு மிகுதியோ அதையும் கூட்டினால் 183, நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 27, பக்கங்கள் எவை? 15, 12 என்பது விடை. சரிபார்த்தால் 180உம் 3உம் சேர்ந்து 183 ஆகிறது. ஆனால் ஒரு நிலத்தின் பரப்பையும் பக்கங்களின் வேறுபாட்டையும் கூட்டிச் சொல்லக்கூடியவர் அந்தப் பக்கங்களை ஏற்கெனவே அளந்தவராகத்தானே இருக்க முடியும்? மெசபொத்தேமியாவின் எந்த நில அளவையாளரும் வரப்பில் நின்று இக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள இன்னொரு பலகையில் ஒருவர் ஒரு கல்லைக் கண்டெடுக்கிறார், அதை நிறுக்கவில்லை, அதோடு ஏழில் ஒரு பங்கையும் பின்பு பதினொன்றில் ஒரு பங்கையும் சேர்த்த பிறகு நிறுக்கிறார். தராசு கையில் இருக்கும்போது முதலிலேயே நிறுத்திருக்கலாமே என்று எந்த மாணவராவது கேட்டாரா என்பதைப் பலகை சொல்லவில்லை.

அந்த எழுத்தர்களுக்கு மெய்யான கணக்கு வேலையும் இருந்தது. கூலியாட்களுக்குப் பார்லி அளப்பது, வாய்க்கால் வெட்ட ஆள் கணக்கிடுவது, களஞ்சிய இருப்பை எழுதுவது ஆகியவை அரண்மனையிலும் கோயிலிலும் நாள்தோறும் நடந்தன. அதற்குத் தேவையானதை விடக் கடினமான ஒன்றைச் செய்துகாட்டுபவரே தேர்ந்த எழுத்தர் என்ற எண்ணம் பள்ளிக்குள் வளர்ந்தபோது, நிலமும் கல்லும் கணக்கின் பொருளாக இல்லாமல் கணக்குக்கு மாட்டிய சட்டையாயின. வாக்கியக் கணக்கு பிறந்த நாளிலேயே இந்தப் பிளவும் பிறந்துவிட்டது என்பது என் கருத்து.

தமிழ் மரபுக்கு வருவோம். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன் அடுத்து மனப்பாடம் செய்தது எண்சுவடி. முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று எனக் கீழ்வாய் இலக்கங்கள் அதில் அணிவகுக்கும். நெல்லுக்குத் தனி இலக்கம், பொன்னுக்குத் தனி இலக்கம். நெல்லை அளக்கும்போது 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்கு 96 நாழி. இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் வீட்டிலோ களத்திலோ கையால் தொடக்கூடிய ஒரு பாத்திரம். வகுத்து மிஞ்சியது சிறிய பாத்திரத்துக்குள் இறங்கும்; அதிலும் மிஞ்சினால் அதனினும் சிறியதற்குள் இறங்கும். மீதிக்குப் போக ஓரிடம் இருந்தது. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் ஒரு பேருந்துக் கணக்கில் இது தேவைப்படும்.

சோழர் கல்வெட்டுகளில் நெல்லை அரிசியாக்கும் வீதம் 'அஞ்சிரண்டு வண்ணம்' எனக் குறிக்கப்படுகிறது. 5 பங்கு நெல்லைக் குற்றினால் 2 பங்கு அரிசி என்பது அதன் பொருள். ஒரு கோயிலில் நாளொன்றுக்கு 4 நாழி அரிசி திருவமுதுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 10 நாழி நெல். 360 நாளுக்கு 3,600 நாழி. கலமாக்கினால் 37 கலமும் 6 குறுணியும். கல்வெட்டின் வழக்கில் சொல்வதானால் முப்பத்தேழு கலனே தூணிப்பதக்கு. எடுத்துக்காட்டு என்னுடையது, ஆனால் இவ்வகைக் கணக்குகளைக் கோயில் சுவர்களில் நிறையக் காணலாம். அவற்றில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. நெல் அளக்க வேண்டிய ஊர் எது, எந்த மரக்காலால் அளப்பது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்னும் மரக்காலின் பெயரையே குறிப்பிடுகின்றன. குற்றும்போது உமியாகவும் தவிடாகவும் நொய்யாகவும் போவது வீதத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எண்ணில் தவறு நேர்ந்தால் தட்டில் சோறு குறையும்.

இதனால் பழந்தமிழ்க் கணக்கெல்லாம் வாழ்க்கைக் கணக்கு என்று பெருமை பேசிவிடலாகாது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் முதலியவற்றுக்கு வழி சொல்கிறது. வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு வரும் என்ற சரியான விதியைத் தருகிறது. அதே நூல், பலாப்பழத்தின் காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்றும் சொல்கிறது. இணையத்தில் இதைத் தமிழரின் அறிவியல் என்று கொண்டாடுவோர் பலர். காய் பிடிக்கும்போது மகரந்தம் சேர்ந்த பூக்களே சுளையாகும், சேராதவை சடையாகும். ஆகவே முள்ளை எண்ணிச் சுளையைச் சொல்லிவிட முடியாது. பழத்தை அறுத்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் இருக்கிறது; நம் ஊர்களில் பலாவுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பாடல் சுவைக்காக எழுந்தது, அளவைக்காக அன்று என்றே நான் கொள்கிறேன்.

சுவைக்காக எழுந்த கணக்குகளுக்கு நம் மொழியில் ஓர் அடையாளமும் இருந்தது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரே ஓடத்தில் ஒவ்வொன்றாக ஆற்றைக் கடத்தும் புதிரைப் பாட்டி சொல்லும்போது, ஒருவன் ஆற்றங்கரைக்கு 'வந்தானாம்' என்றுதான் தொடங்குவார். ஐரோப்பாவில் இதே புதிர் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்னும் உருவில், 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குயின் பெயரால் வழங்கும் தொகுப்பில் காணப்படுகிறது. எவனாவது புலியோடு பயணம் செய்வானா என்று எந்தக் குழந்தையும் தடை எழுப்புவதில்லை. ஏனெனில் 'ஆம்' என்னும் அவ்வொரு சொல், இது பிறர் வாய்க் கேட்டது, இதன் மெய்ம்மைக்கு நான் பொறுப்பில்லை என்று முன்னதாகவே அறிவித்துவிடுகிறது. பாடநூலின் வாக்கியக் கணக்கு அந்த 'ஆம்'ஐ எடுத்துவிட்டது. "முத்துவிடம் 48 மாம்பழங்கள் இருந்தன" என்று நேர்கூற்றாகவே அது பேசுகிறது. நேர்கூற்று மெய் என்று உரிமை கொண்டாடும்; ஆனால் முத்து என்று சுட்டப்படும் ஆள் எங்கும் இல்லை. கனடாவின் சூசன் ஜெரோஃப்ஸ்கி 1996இல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கில வாக்கியக் கணக்குகளில் காலங்காட்டும் வினைகள் ஒழுங்கின்றி மாறுவதையும் அவற்றுக்குச் சுட்டுப்பொருள் இல்லாமையையும் மொழியியல் நோக்கில் ஆராய்ந்தார். தமிழில் இந்த 'ஆம்' நீக்கமே முதன்மையான குறிப்பு என்று நான் சேர்ப்பேன். கதையாகக் கேட்பதா, செய்தியாகக் கேட்பதா என்று அறியாமல் குழந்தை நிற்கிறது. இரண்டுமில்லாமல் எண்களை மட்டும் பொறுக்கிக்கொள்ள அது விரைவில் பழகிவிடுகிறது.

அச்சுப் பாடநூல் வந்த 19ஆம் நூற்றாண்டில் இந்நிலை உறுதிப்பட்டது. மூன்றின் விதி, வட்டி, கூட்டு வாணிகம், தொட்டியை நிரப்பும் குழாய்கள், கிணறு வெட்டும் ஆட்கள் என ஆங்கில நூல்களின் வரிசையிலேயே தமிழ் நூல்களும் அமைந்தன. 8 ஆட்கள் 12 நாளில் வெட்டும் கிணற்றை 96 ஆட்கள் ஒரே நாளில் வெட்டிவிடுவர். 96 பேர் அந்தக் கிணற்றுக்குள் எங்கே நிற்பது என்று கேட்டவன் முரடன் எனப் பெயர் வாங்கியிருப்பான்.

மலாயாவில் இந்தப் பிளவு வேறொரு கூர்மை பெற்றது. இங்கேதான் இப்பொருள் வெறும் கற்பித்தல் முறைச் சிக்கலாக இல்லாமல் வயிற்றுச் சிக்கலாகிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேற்பட்டோ வாழும் தோட்டங்களில் நிருவாகமே பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. போருக்கு முந்திய அப்பள்ளிகளில் புழங்கிய நூல்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. சென்னையில் அச்சான கணக்கு நூல் ரூபாய், அணா, பையில் பேசும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. தோட்டத்துப் பிள்ளையின் பெற்றோருக்குக் கூலி கிடைத்ததோ வெள்ளியிலும் சென்னிலும். வெள்ளிக்கு 100 சென். கடையில் அரிசி வாங்கினால் காந்தாங், சுப்பாக் என்னும் மலாய் அளவைகள். மீனோ காய்கறியோ வாங்கினால் கட்டி, தாயில். 16 தாயில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குல். பால் எடை போடும் கொட்டகையில் ராத்தல். ஒரு கட்டி ஒன்றேகால் ராத்தலுக்குச் சற்று மிகுதி. நுட்பமாகச் சொன்னால் ஒன்றும் மூன்றில் ஒன்றும். இத்தனை அளவைகளுக்கிடையே நாள்தோறும் உழன்ற பிள்ளை, தான் கண்ணால் காணாத அணாவைப் பெருக்கிப் பரிசு வாங்கியது.

பால் கொட்டகையில் நடந்த கணக்கைப் பார்ப்போம். மரம் வெட்டியவர் வாளிகளில் கொண்டுவரும் பால் நிறுக்கப்படும். பாலில் பெரும்பகுதி நீர். ஆகவே மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அமிழ்த்தி, நூற்றுக்கு எத்தனை பங்கு உலர்ந்த இரப்பர் என்று கிராணி அறிவார். எடைக்கேற்பக் கூலி தரப்பட்ட இடங்களில் அந்த எண்ணே அன்றைய வருமானத்தைத் தீர்மானித்தது. 40 ராத்தல் பாலுக்கு நூற்றுக்கு 35 என்று எழுதினால் 14 ராத்தல் இரப்பர்; 30 என்று எழுதினால் 12 ராத்தல். கருவியைப் பார்ப்பவர் கிராணி, ஏட்டில் எழுதுபவர் கிராணி, கூலியைக் கணக்கிடுபவரும் அவரே. வெளியே நிற்கும் தாய்க்கு எழுதப்பட்டது சரியா என்று பார்க்கத் தெரியாது. பள்ளிக்குப் போகும் அவள் மகனுக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரியும். ஆனால் இந்தக் கணக்கை அவன் பள்ளியில் ஒருநாளும் செய்ததில்லை. சில தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியராகவும் இருந்தார் என்பதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். கூலி ஏட்டை எழுதிய கையே கரும்பலகையில் அணாக் கணக்கையும் எழுதியது. திட்டமிட்டு மறைத்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. சென்னைப் புத்தகம் கையில் இருந்தது, அதை நடத்தினால் போதுமானதாக இருந்தது. ஆனால் பள்ளிக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும் விலகி நிற்பதால் எல்லாரும் ஒரே அளவில் இழப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, வெளிநாட்டில் நடந்த இரண்டு சோதனைகள். 1980ஐ ஒட்டிப் பிரான்சின் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வு நிறுவனத்தார் தொடக்கப்பள்ளி மாணவர் 97 பேரிடம் ஒரு கேள்வி கேட்டனர். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 76 பேர் எண்களைக் கொண்டு ஒரு வயதைச் சொன்னார்கள்; 36. அமெரிக்காவின் நாடளாவிய கல்வி மதிப்பீட்டில் ஏறத்தாழ அதே காலத்தில் 13 வயதினரிடம் கேட்கப்பட்டது இது: ஒரு படைப் பேருந்தில் 36 வீரர் அமரலாம், 1,128 வீரரை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும்? வகுத்தலைப் பெரும்பாலோர் சரியாகவே செய்தனர். ஆனால் 100க்கு 29 பேர் "31, மீதி 12" என்று எழுதினர். 18 பேர் 31 என்றே நிறுத்தினர். 32 என்றவர் 23 பேர் மட்டுமே.

மீதி 12 என்பது பன்னிரண்டு மனிதர். ஆழாக்கும் உழக்கும் இருந்த உலகில் மீதிக்குப் போக்கிடம் இருந்தது என்று முன்பு சொன்னேன். அந்த உலகில் பழகிய சிறுவன் இக்கணக்கைக் கட்டாயம் சரியாகச் செய்திருப்பான் என்று உறுதி கூற முடியாது. ஆயினும் "மிஞ்சியது எங்கே போகும்?" என்பது அவனுக்கு இயல்பாக எழக்கூடிய கேள்வி. நம் மாணவர்களுக்கு மீதி என்பது விடைக்கு வலப்புறம் எழுதும் ஓர் எண்.

பிள்ளைகளை அறிவிலிகள் என்பது எளிது, தவறும்கூட. கேட்பவர் அறிவினாவே கேட்கிறார், விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது, கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்த வேண்டும் என்னும் எழுதப்படாத உடன்படிக்கைக்கு அவர்கள் ஒழுகுகிறார்கள். கப்பல் தலைவரின் வயதைக் கேட்ட ஆசிரியரே அந்த உடன்படிக்கையை மீறியவர். நம் இலக்கணம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒத்துக்கொள்கிறது. நன்னூல் விடையின் எட்டு வகைகளுள் எதிர்வினாவுதலையும் ஒன்றாக வைக்கிறது. "தலைவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?" என்பது தமிழ் இலக்கணப்படி முழுமையான விடை. தேர்வுத் தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை.

மொழிபெயர்ப்பு இன்னொரு தடிப்பைச் சேர்க்கிறது. சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்தில் கற்கிறார்கள். காணியும் மாவும் அவர்களுக்குத் தமிழ்ப்பாடத்தின் பழஞ்சொற்கள். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் கணிதம் 2003 முதல் ஆங்கிலத்துக்கு மாறி, அக்கொள்கையைக் கைவிட 2009இல் அரசு முடிவெடுத்தபின் மீண்டும் தமிழுக்கு வந்தது. அந்தத் திருப்பம் வாக்கியக் கணக்கைத் தமிழிலேயே சிந்தித்து எழுதக் கிடைத்த அரிய வாய்ப்பு. அதை நாம் பாதியே பயன்படுத்தினோம் என்பது என் மதிப்பீடு. பிறமொழி வாக்கியத்தின் வரிசையில் அடுக்கிய தமிழைப் படிக்கும் பிள்ளை பொருளைத் தேடாமல் குறிச்சொல்லைத் தேடுகிறது. 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதம்' என்றால் கழி, 'அதிகம்' என்றால் கூட்டு. "கமலாவிடம் 12 ரம்புத்தான் உள்ளன, அவளிடம் தங்கையைவிட 5 அதிகம் உள்ளன, தங்கையிடம் எத்தனை?" என்றால் 17 என்ற விடை வருவது இப்படித்தான். வீட்டில் அதே தங்கை, "அக்காவிடம் என்னைவிட அஞ்சு கூட இருக்கு" என்று அழும்போது யாரும் கூட்டுவதில்லை.

பாடநூலாசிரியர்கள் உள்ளூர்ப் பெயர்களையும் பழங்களையும் சேர்த்து இக்குறையைத் தீர்க்க முயல்கிறார்கள். ஆப்பிளை ரம்புத்தானாக மாற்றினால் அறிவினா அறியாவினா ஆகிவிடாது. மாறவேண்டியது கேட்பவருக்கும் விடைக்கும் உள்ள உறவு. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. 2 ரிங்கிட் 49 சென் விலையுள்ள பொருள் மூன்று வாங்கினால் புத்தகத்தின் விடை 7 ரிங்கிட் 47 சென். கல்லாவில் கேட்பது 7 ரிங்கிட் 45 சென். 45 என்று எழுதும் மாணவிக்கு இன்று மதிப்பெண் குறையும்; அவளோ தாயோடு கடைக்குப் போய்வந்தவள். அவளை வீட்டிலிருந்து ஒரு மாதத்து ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூட்டிக் குறைத்த சென்களும் ஏற்றிய சென்களும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றனவா, அல்லது ஒரு பக்கமாகச் சாய்கின்றனவா, சாய்ந்தால் யார் பக்கம் என்று வகுப்பு கணக்கிடட்டும். விடையை ஆசிரியரும் அவர்களோடு சேர்ந்துதான் கண்டறிய வேண்டியிருக்கும்.